ஒரு துண்டு அலுமினியம்

பென்ஷன் அரியர்ஸ் பணத்தில் பேரனுக்கு வாங்கிக்கொடுத்த மவுண்டன் பைக் மூன்று மாதமாகத் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. கீழே விழுந்ததில், கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிட்டது.

கியர் மாற்றியை 'டிரெய்லர்' என்றான் பேரன். அது பிரெஞ்சுச் சொல். 'தெராய்யே' என்றால் ரயில் தடம் புரள்வது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து தள்ளி அடுத்ததில் ஏற்றுவதால் அந்தப் பெயர். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937இல்தான் அதை அனுமதித்தார்கள்.

அந்தத் துண்டு வளைவதற்கென்றே செய்தது. அது வளைந்தால் பிரேம் தப்பிக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் மாடலுக்கு மாடல் வேறு வடிவம். ஷிமானோ கியர் எங்கும் கிடைக்கிறது. அதை மாட்டும் துண்டு கிடைப்பதில்லை. 2019இல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் பல கம்பெனி சைக்கிளுக்கும் பொதுவாக ஒரு துண்டைக் கொண்டுவந்தது. பேரனுடையது அந்த வகை இல்லை.

"ஐயா, கம்பெனியிலிருந்து வந்தால்தான் உண்டு" என்று கைவிரித்தார் கடைக்காரர்.

ஆபீஸில் சைக்கிள் அட்வான்ஸ் போட்டு வாங்கிய என் பழைய வண்டிக்கு எந்தத் தெருமுனைக் கடையிலும் எல்லா சாமானும் கிடைக்கும். பேரன் இப்போது அதில்தான் டியூஷனுக்குப் போகிறான், தெருக்கோடி தாண்டும்வரை தலையைக் குனிந்துகொண்டு.