நூற்றுக்கு முப்பது

பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி என்றே அறிந்து வளர்ந்த நாம், பனிமலையில் சறுக்கிச் செல்வதற்கான மட்டைகளைப் பற்றி எழுதப் புகுவது வாசக அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சறுக்கத் தெரிந்தவர் என்ற உரிமையில் இதனை எழுதவில்லை. ‘ஸ்கீ’ எனப்படும் அம்மட்டைகளுள் ஓர் இணையைச் செய்யும் வேலையில் சில மாலைகள் கைகொடுத்தோம். அவ்வேலையைக் கெடுக்கவும் செய்தோம். நமக்குள்ள உரிமை அவ்வளவே.

2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஆஸ்திரியாவின் மேற்கெல்லையில் உள்ள ஃபோரார்ல்பெர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், நோயுற்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக ஆறு வாரம் பணியாற்றச் சென்றிருந்தோம். முன்னர் இன்ஸ்புருக்கில் இறையியல் பயின்ற காலத்தில் கற்ற ஜெர்மன் மொழி ஓரளவு உதவியது. ஓரளவுதான், அம்மலை மக்கள் பேசும் ஜெர்மனை வியன்னா நகரத்தாரே விளங்கிக்கொள்ளத் திணறுவர். பிரெகென்ஸர்வால்ட் என்னும் அப்பள்ளத்தாக்கு தச்சர்களுக்குப் பெயர்பெற்றது. வீட்டுச் சுவர்களைக்கூட மீன் செதில்போல் அடுக்கிய மரச்சில்லுகளால் போர்த்தியிருப்பார்கள். நம் ஊரில் கோவில்பிள்ளை என்கிறோமே, அப்பணியை அங்கே செய்துவந்தவர் எழுபது வயது கடந்த தச்சர். முதல் ஞாயிறு மாலையில், “சுவாமி, வேலை ஒன்றும் இல்லையென்றால் எங்கள் வீட்டு நிலவறைக்கு வாருங்கள்” என்று அழைத்துச் சென்றார்.

நிலவறையின் ஒருபுறம் தச்சுமேசை. மறுபுறம், கனத்த இரும்பு உத்திரங்கள் இரண்டை மேலும் கீழுமாகப் பூட்டிச் செய்த அழுத்துபொறி. நடுவே, ஸ்கீயின் வளைவுக்கேற்ப மரத்தில் இழைத்த அச்சு. அச்சுக்கு மேலே ஊர்த் தீயணைப்புப் படையினர் கழித்துப்போட்ட நீர்க்குழாய் ஒன்று, இருமுனையும் அடைக்கப்பட்டுத் தட்டையாகக் கிடந்தது. அதில் காற்றை ஏற்றினால் உப்பிக்கொண்டு கீழே இருப்பதை அழுத்துமாம். “இந்தக் கந்தல் குழாயா?” என்று நாம் நகைத்தோம். அவர் சுண்ணக்கட்டியால் பலகையில் கணக்கெழுதிக் காட்டினார். நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 11 சென்டிமீட்டர். ஏறக்குறைய 2000 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 3 கிலோ அழுத்தம். ஆக 6 டன். நாம் நகைப்பை நிறுத்திக்கொண்டோம்.

கடைகள் நிறைய ஸ்கீ விற்கும் நாட்டில் இந்தப் பாடு எதற்கு? அவருடைய பேத்திக்கு வயது பத்தொன்பது. நெடிய உருவம், மெலிந்த உடல். அவள் உயரத்துக்கேற்ற நீளத்தில் விற்பவையெல்லாம் கனத்த ஆடவர்க்கேற்ற விறைப்புடையவை என்பது கிழவரின் குறை. மட்டையின் விறைப்பு பெரும்பாலும் அதன் நடுவில் உள்ள மரத்தின் தடிமனைப் பொறுத்தது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே அரை மில்லிமீட்டரும் அவருக்குப் பெரிய செய்தி. ஆஷ் மரத்தையும் பாப்லர் மரத்தையும் விரலகலப் பட்டைகளாக அறுத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, நடுவில் 11 மில்லிமீட்டரும் நுனிகளில் 2 மில்லிமீட்டரும் வருமாறு இழைப்புளியால் சீவுவார். சீவியபின் இருமுனைகளையும் கட்டைகளின்மேல் தாங்கவிட்டு, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளப்பார். மீண்டும் இரண்டு சீவல், மீண்டும் எடைக்கல்.

அம்மரத்துக்குக் கீழே கண்ணாடி இழைத் துணி, அதன் கீழே பனியைத் தொடும் பாலிஎத்திலீன் தகடு, தகட்டின் ஓரம் நெடுகப் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும் எஃகு விளிம்பு. மரத்துக்கு மேலே மீண்டும் துணி, அதற்குமேல் மேலுறை. இத்தனையையும் ஒன்றாக்குவது எப்பாக்ஸிப் பசை ஒன்றே. பாலிஎத்திலீன் இயல்பாக எப்பசையையும் ஏற்காது. ஆலையில் அதன் ஒரு பக்கத்தைச் சுரண்டித் தீச்சுடரில் வாட்டிய பிறகே பசை பிடிக்கும். அப்பக்கத்தில் வெறும் விரல் பட்டால் தோலின் எண்ணெய்ப்பசையே பிடிப்பைக் கெடுக்கும் என்பதால், கையுறை மாட்டாமல் நம்மை அருகில் விடமாட்டார்.

வேலையினூடே பேச்சு நடக்கும். ஸ்கீ பிறந்ததே வீட்டுக் கொட்டிலில்தான் என்பார். நார்வே நாட்டு டெலமார்க் பகுதியில் குத்தகைக் குடியானவராக வாழ்ந்த சோந்ரே நூர்ஹைம் (1825–1897), இடை சிறுத்த மட்டையைத் தம் கையால் செய்து, குதிகாலைச் சுற்றி முறுக்கிய மிலாறுகளால் பாதத்தைப் பிணைத்து, விரைந்து செல்கையில் திரும்பும் வித்தையைக் காட்டியவர். ஸ்னோபோர்டும் அப்படியே. 1965ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்ததில் அதன் கதை தொடங்குகிறது. கிழவருக்கு ஸ்னோபோர்டு பிடிக்காது. பேரனுக்காக ஒன்று செய்து கொடுத்திருந்தார் என்பது வேறு.

நமக்குப் பிடித்த கதை வேறொன்று. அப்பள்ளத்தாக்கின் தலைமாட்டில் கணவாயைக் கடந்தால் வார்ட் என்னும் ஊர். 1894–95 குளிர்காலத்தில் அவ்வூர்ப் பங்குத்தந்தை யோஹான் முல்லர் வடநாட்டிலிருந்து ஓர் இணை ஸ்கீ வரவழைத்தார். விழுவதைக் கண்டு மக்கள் நகைப்பார்களே என்று நாணி, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் பழகினாராம். தேறியபின் மலை தாண்டி லெஹ் ஊருக்குச் சறுக்கிப்போய் அங்கிருந்த குருவைக் கண்டுவருவாராம். அப்பகுதியில் முதன்முதலில் ஸ்கீ பூண்டவர் அவரே என்பர்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் பிறந்தது குமரிக் கடற்கரை. கட்டுமரங்களுக்கு நடுவே ஃபைபர் வள்ளங்கள் வரத் தொடங்கிய காலத்தில், மாமா ஒருவரின் வள்ளக் கொட்டகையில் பள்ளி விடுமுறைதோறும் பசை கலக்கிக் கொடுத்திருக்கிறோம். நிலவறையில் கிழவர் டப்பாவைத் திறந்தபோது, தேன்போல் ஒழுகிய பசையும், அதனுடன் சேர்க்கும் ஹார்டனர் என்ற பெயரும் பழைய உறவினரைப்போல் தோன்றின. நெடி மட்டும் வேறாக இருந்தது. அப்போதே எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

முதல் மட்டைக்குப் பசையை அவரே கலந்தார். மறுநாள் இரண்டாவது மட்டைக்குக் கலக்கும் பொறுப்பை நம்மிடம் தந்தார். டப்பாவில் அச்சிட்டிருந்த கணக்கு நூற்றுக்கு முப்பது: 300 கிராம் பசைக்கு 90 கிராம் ஹார்டனர். அன்று கடுங்குளிர், நிலவறை அடுப்பு போதவில்லை. மழைநாளில் பசை இறுகத் தாமதித்தால் மாமாவின் கொட்டகையில் இன்னும் கொஞ்சம் ஹார்டனர் விடுவோம், சடுதியில் இறுகிவிடும். கிழவர் குனிந்து துணியை விரித்துக்கொண்டிருந்தார். நாம் 90ஐ 130 ஆக்கினோம். உதவி என்றே எண்ணினோம். மறுநாள் அவர் வியக்கும்போது காரணத்தைச் சொல்லலாம் என்ற சிறு பெருமிதமும் இருந்தது.

வள்ளத்துக்குப் பூசும் பாலியெஸ்டர் பசையில் ஹார்டனர் வினையைத் தூண்டிவிடுவதோடு சரி. எப்பாக்ஸியில் அப்படியன்று, அங்கே ஹார்டனரும் பசையோடு பிணைந்து சுவராகவே ஆகிறது. பிணைய இணை கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, இறுகியதையும் மென்மையாக்கிவிடும். இதை நாம் பின்னரே அறிந்தோம்.

மறுநாள் மாலை பொறியைத் திறந்தோம். ஓரத்தை அறுத்து நீக்கியதும் மட்டை அழகாக வந்தது. முன்னதற்கும் இதற்கும் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. ஆனால் மேசையில் இரண்டு காகிதக் குவளைகள் இருந்தன. கிழவரின் குவளையில் எஞ்சிய பசை கண்ணாடிபோல் இறுகியிருந்தது. நம் குவளையில் இருந்ததை நகத்தால் அழுத்தினோம், தடம் விழுந்தது. அந்தக் குவளையைக் குப்பைத் தொட்டியில், மரச்சீவல்களுக்கு அடியில் வைத்தோம். ‘போட்டோம்’ என்று எழுதத்தான் நினைத்தோம். வைத்தோம் என்பதே உண்மை.

அடுத்த மாலைகள் விளிம்பைத் தீட்டுவதிலும், அடிப்பாகத்துக்கு மெழுகு உருக்கி ஏற்றுவதிலும் சென்றன. வெள்ளியன்று, “நாளை பேத்தி வருகிறாள். புதுப்பனி விழுந்திருக்கிறது, மேல்சரிவுக்குப் போகிறாள்” என்றார். “நல்லது” என்றோம். அன்று மாலை ஒரு மணி நேரம் ஒப்புரவு வழங்க அமர்ந்திருந்தோம். எழுந்து அறைக்குத் திரும்பியபோது குவளையும் கூடவே வந்தது. விரைந்து இறங்குகையில் எஃகு விளிம்பு பெயர்ந்தால் என்ன ஆகும் என்று எவரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் மலை கொண்டுபோன இளைஞர்களின் படங்கள் உண்டு. சன்னலுக்கு வெளியே சரிவு இருண்டு கிடந்தது. முல்லர் அடிகளார் இருளில் மறைத்தது தாம் விழுந்ததை மட்டுமே.

விடியுமுன் ஐந்து மணிக்கு அவர் கதவைத் தட்டினோம். வாசலில் நின்றவாறே சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் மட்டையை நிலவறைக்கு எடுத்துச்சென்று, நாணயத்தால் அதன் மேல் நெடுகத் தட்டிக் கேட்டார். பின் வாலைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, இரு கையாலும் வளைத்தார். சன்னமாக ஓர் ஓசை. பிளந்த இடத்தில் மெல்லிய கத்தியை நுழைத்து இழுத்தார். வாழைமட்டையிலிருந்து நார் உரிவதுபோல் துணி உரிந்து வந்தது. நன்கு ஒட்டியிருந்தால் மரமும் கிழிந்து கூட வந்திருக்கும். மரம் வழுவழுவென்று இருந்தது. விரல் வைத்தால் சற்றே பிசுபிசுத்தது.

“எத்தனை நாளாகத் தெரியும்?” என்று கேட்டார்.

“மூன்று நாள்.”

வேறொன்றும் அவர் கேட்கவில்லை. பேத்தி படியிறங்கி வந்து, பிளந்த மட்டையைப் பார்த்து, நமக்குக் காலை வணக்கம் சொல்லி, தன் பழைய ஸ்கீகளை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு வாரம் நிலவறைக்கு அழைப்பு இல்லை. திருப்பலிக்கு உரியவற்றை வழக்கம்போல் எடுத்துவைத்தார், வழக்கம்போல் வணங்கினார். நாமாகச் செல்லத் துணியவில்லை. ஐந்தாம் வாரச் செவ்வாய் மாலையில், “மரம் சீவியாயிற்று, வாருங்கள்” என்றார். தராசையும் இரண்டு டப்பாக்களையும் புதிய காகிதக் குவளையையும் நம்முன் வைத்துவிட்டு, நமக்கு முதுகு காட்டி நின்று துணியை வெட்டத் தொடங்கினார். கத்தரிக்கோலின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. 300 கிராம் பசை நிறுத்தோம். ஹார்டனரைச் சொட்டுச்சொட்டாக விட்டோம். கை நடுங்கியது. தராசு 91 காட்டியது.

“ஒரு கிராம் கூடிவிட்டது” என்றோம்.

“அப்படியானால் பசையை மூன்று கிராம் கூட்டுங்கள், சுவாமி” என்றார், திரும்பாமலே.