ஆடிச் சாரலில் நான்கு நாள்

குற்றாலத்துக்கு ஒரு குணம் உண்டு. ஊட்டியும் கொடைக்கானலும் குழந்தைகளின் கோடை விடுமுறையை அனுசரித்து நடந்துகொள்ளும். குற்றாலம் யாரையும் அனுசரிக்காது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை மலை இடுக்குகள் வழியாக இந்தப் பக்கம் தூவும். அந்தத் தூவலுக்குத்தான் சாரல் என்று பெயர். ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், அது வருகிறபோது நாம் போய்க்கொள்ள வேண்டும். "இப்போது முடியாது, தை மாதம் வருகிறேன்" என்றால், தை மாதம் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

சென்ற ஆடியில் நாங்கள் கிளம்பியபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விட நேரம் இல்லை. என் அண்ணன் மகளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். அதே பெண், டாக்டர் பட்டத்துக்காக நான்கு வருஷமாகச் செய்த ஆராய்ச்சியை ஆகஸ்டு மாதத்துக்குள் எழுதி முடித்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டதற்கு, அவள் நகையும் கேட்கவில்லை, புடவையும் கேட்கவில்லை. "ஆச்சி ஊர் அருவியிலே நாலு நாள் குளிக்கணும்" என்றாள். எங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீடு தென்காசி. அந்த உரிமையில் கேட்டிருக்கிறாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஆடியைப் போல ஓட்டமான மாதம் வேறு இல்லை. தள்ளுபடி விற்பனையில் ஜவுளி எடுக்க வேண்டும். பத்திரிகை அச்சாக வேண்டும். சமையல்காரர், நாதஸ்வரம், தாம்பூலப் பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மதினிக்கு இராத் தூக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு நாள், "படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமா முடிச்சுக்கலாமே" என்று ஒரு வார்த்தை வந்தது. அவர்கள் நல்ல மனத்தோடு சொன்னதுதான். மதினி அதைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணை விட்டாத்தான் ஒண்ணு நடக்கும். படிப்பை ஆறு மாசம் தள்ளி வச்சா என்ன குறைஞ்சுபோகும்?" என்றார். பெண் பதில் சொல்லவில்லை. நான் பேசாமல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி கடைசி அத்தியாயத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் எழுதலாம் என்று எடுத்து வைத்தாள். புது ஊர், மாமியார் வைத்தியம், முதல் பிரசவம் என்று வருஷங்கள் போயின. தட்டச்சு செய்த நூற்றுச் சொச்சம் பக்கங்கள் இன்றும் அவள் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் இருக்கின்றன. மிச்சம் இருந்தது ஒரே ஓர் அத்தியாயம்.

பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு எழும்பூரில் ஏறினால், விடியும்போது ராஜபாளையம் பக்கம் மேற்கே மலை தெரிய ஆரம்பிக்கும். சங்கரன்கோவில் தாண்டியதும் ஜன்னலில் வருகிற காற்றே வேறாகிவிடும். மதினி கையில் கல்யாண நோட்டுப் புத்தகம். பெண்ணின் மடியில் லாப்டாப். மலையை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தென்காசியில் இறங்கி முதலில் காசி விசுவநாதரைத் தரிசித்தோம். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். அதன் இராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து, இரண்டாகப் பிளந்து நின்றது. எங்கள் அம்மா அந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவர். அதைப் புதிதாகக் கட்டிக் குடமுழுக்கு நடந்தது 1990-இல். கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளுகிறது. புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு நுழைவது நல்லது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து ஊரில் சந்தடி கூடியிருக்கிறது. அங்கிருந்து குற்றாலம் சில மைல்தான். நினைத்தால் பஸ் கிடைக்கும்.

முதல் நாள் பேரருவி. மேலே பாறையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் ஒன்று இருக்கிறது. உச்சியிலிருந்து வருகிற தண்ணீர் அதில் விழுந்து, கோபம் தணிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் அடியில் மனிதர் நிற்க முடியாது. பெண்களுக்கு இடம் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அருவியின் கீழ் நுழைந்த முதல் கணம் மண்டையில் யாரோ குட்டுவதுபோல் இருக்கும். இரண்டாவது கணம் காது கேட்காது. அதற்கு அப்புறம் வெளியே வர மனம் வராது. பெண்ணுக்கும் அப்படித்தான். நான்கு வருஷமாகக் கூனி உட்கார்ந்திருந்த தோள்கள் அங்கே நிமிர்ந்ததை நான் பார்த்தேன். மதினி கரையில் துணிப் பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். "ஜலதோஷம் பிடிச்சா யாரு பத்திரிகை வைக்கப் போறது?" என்று கேட்டார். முன்பெல்லாம் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிப்பது இங்கே வழக்கம். இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. தண்ணீருக்கு நல்லது. வெறும் சாரலே போதும், உடம்பு பஞ்சாகிவிடும்.

அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர், குழல்வாய்மொழி அம்மை கோயில். சங்கு வடிவத்தில் அமைந்த கோயில் அது. தல விருட்சம் பலா. அந்தப் பலாவைக் குறும்பலா என்று கொண்டாடித் திருஞானசம்பந்தர் தனியாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சற்றுத் தள்ளிச் சித்திர சபை. நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் சிதம்பரமும் மதுரையும் எல்லோரும் அறிந்தவை. திருநெல்வேலி, திருவாலங்காடு என்று இன்னும் இரண்டு. ஐந்தாவதான இந்தச் சபையில் நடராஜர் விக்கிரகமாக இல்லை, சுவரில் எழுதிய சித்திரமாக இருக்கிறார். சுற்றுச் சுவர்களிலும் புராணக் காட்சிகள். கூட்டமெல்லாம் அருவியில் இருப்பதால் இங்கே நிம்மதியாகப் பார்க்கலாம். குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து பெண் இரண்டு பக்கம் எழுதினாள். மதினி பெருமூச்சு விட்டார்.

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர். மதுரையில் ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் கொடுத்ததும், அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் விழுந்ததும் இந்தப் பக்கத்தில் நன்றாகத் தெரிந்த கதை. ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும் வரை இந்த ஊரில் இருந்து கம்பனையும் குறவஞ்சியையும் வருகிறவர்களுக்கெல்லாம் விருந்தாக வைத்தார். குறவஞ்சியில் குறத்தி வந்து வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். வசந்தவல்லி பந்து விளையாடினாள், காதலித்தாள், குறி கேட்டாள். ஆராய்ச்சிக் கட்டுரை கொடுக்க வேண்டிய தேதி அவளுக்கு இல்லை!

மூன்றாம் நாள் காலை, மலையில் இரவெல்லாம் மழை என்றார்கள். பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. போலீஸார் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அதில் முணுமுணுக்க ஒன்றும் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரே நொடியில் வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. குற்றாலம் போகிற தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: தடை என்றால் தடைதான், "ஓரமாக நின்று ஒரு நிமிஷம்" என்று குழந்தையை அனுப்பாதீர்கள்.

குளிக்க முடியாத அந்த நாள் பெண்ணுக்கு யோகமாக அமைந்தது. விடுதி வராந்தாவில் உட்கார்ந்து காலையிலிருந்து எழுதினாள். பிற்பகல் மூவரும் கடைத் தெருவுக்குப் போனோம். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் வந்திருந்தன. இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் விளைகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்ட மண் இது. மங்குஸ்தான் விற்ற அம்மாள் ஒருத்தி, "அருவியத்தான் அடைச்சிட்டாங்க, பழமாவது வாங்கிட்டுப் போங்க தாயி" என்று கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் பெண்ணைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கே?" என்று கேட்டாள்.

"தண்ணியப் பத்தி" என்றாள் பெண்.

"தண்ணியப் பத்திப் படிக்க என்ன இருக்கு? அதான் கொட்டுதே!"

பெண் சிரித்துக்கொண்டே கூடை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக்கு அடியிலிருந்து எடுக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு கூடுதலாக இருக்கிறது என்றாள். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும், அதையே வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பு இறுகிப்போகும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் ஆவியாவதால் உப்பின் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு காவிரித் தண்ணீர் அந்த ஊர்களுக்குப் போகிறது. ஆனாலும் குழாயில் வராத நாட்களில் ஜனங்கள் எந்தக் கிணற்றுக்குப் போகிறார்கள், அதில் எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கிறது என்று கிணறு கிணறாக அளந்திருக்கிறாள்.

"ஒவ்வொரு வீட்லேயும் குடத்திலேர்ந்து ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வருவேன். 'பாத்துட்டுச் சொல்லு கண்ணு, புள்ளைக்குக் கொடுக்கலாமா'ன்னு கேப்பாங்க. கட்டுரையைக் கொடுத்தாத்தான் அந்தக் கணக்கு வெளியே வரும். ஆறு மாசம் தள்ளிப் போட்டா அவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

பழக்கார அம்மாள் ஒரு பழத்தைப் பிளந்து அவள் கையில் கொடுத்தாள். மதினி ஒன்றும் பேசவில்லை. தெரு முனை வரை வந்த பிறகு, "இதத்தானா நாலு வருஷமா செஞ்சுட்டு இருந்தே? எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னியாட்டி?" என்று கேட்டார்.

"நீங்க கேக்கலையேம்மா."

அன்று ராத்திரி சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது. முகூர்த்தப் புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா, பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வழக்கமாக மதினி போனைப் பெண்ணிடம் நீட்டிவிடுவார். அன்று, "அவ எழுதிட்டு இருக்கா. கட்டுரையைக் கொடுக்கிற வரைக்கும் புடவை, பாத்திரமெல்லாம் நாம ரெண்டு பேருமாப் பாத்துக்குவோமே. அரக்கே இருக்கட்டும்" என்றார். அந்தப் பக்கத்திலும் தயக்கமே இல்லாமல் "அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கல்யாண நோட்டுப் புத்தகம் மாறிவிட்டது. பெண் நேரில் வந்துதான் ஆக வேண்டியவை என்று தேடிப் பார்த்தோம். ரவிக்கை அளவு, வளையல் அளவு, மாப்பிள்ளையின் மோதிரம் மூன்றும்தான் தேறின. மீதியைப் பிரித்துக்கொண்டோம். அண்ணனுக்குப் பத்திரிகையும் பந்தியும் போயின. எனக்குத் தாம்பூலப் பை வந்து சேர்ந்தது. ஆகஸ்டு மூன்றாவது வாரம் கட்டுரை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பரீட்சகர்கள் படித்து அபிப்பிராயம் எழுதி அனுப்பச் சில மாதம் பிடிக்குமாம். வாய்மொழித் தேர்வுக்கு அவள் புதுத் தாலியோடுதான் போக வேண்டியிருக்கும். அது பரவாயில்லை என்கிறாள்.

நான்காம் நாள் தடை நீங்கியது. ஐந்தருவிக்குப் போனோம். பாறை முகத்தில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிற அழகே அழகு. பழத்தோட்ட அருவி, செண்பகாதேவி, தேனருவி எல்லாம் இந்த மலையில்தான். எங்களுக்கு நேரமும் இல்லை, முழங்காலும் இடம் கொடுக்கவில்லை. துணிப் பையை யார் காவல் காப்பது என்ற பேச்சு வந்தபோது, மதினி தலைமுடியை முடிந்துகொண்டு எழுந்து நின்றார். "நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க மதினி" என்றேன். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு புட்டி, மங்குஸ்தான் ஒரு கூடை, ஈரத் துணி ஒரு மூட்டையுடன் சாயங்காலம் தென்காசியில் ரயில் ஏறினோம். கடையநல்லூர் தாண்டியதும் மதினி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த எண்ணுப் பட்டியலை எல்லாம் யாராவது சரிபார்க்கணும்னியே, வாசி" என்றார். பெண் லாப்டாப்பைப் பார்த்து வாசிக்க, மதினி அவளுடைய ஆய்வு நோட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். கிணறு 41, இரண்டு புள்ளி மூன்று. கிணறு 42, ஒன்று புள்ளி எட்டு. "42-க்கு இங்கே ஒன்று புள்ளி ஆறுன்னு இருக்கே" என்று ஓரிடத்தில் நிறுத்தினார். பெண் திருத்திக்கொண்டாள். மதுரை வந்ததும் எதிர்ப் படுக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். இன்னும் பதினொரு கிணறு பாக்கி இருந்தது.