பழைய காரும் பழுதுக் கணக்கும்

பிரித்தானியாவிலே 1948 ஆம் ஆண்டு அறிமுகஞ் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் என்னுஞ் சிறு கார், இருபதாண்டுகளுக்கு மேலாக உற்பத்தி செய்யப்பட்டு, 16 இலட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் உலகின் பல பாகங்களுக்குஞ் சென்றது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. இலங்கையில் அதன் வாழ்வு அத்துடன் முடியவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே, ஏற்கெனவே நாட்டுக்குள் வந்திருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆசிரியர், எழுதுவினைஞர் முதலாய நடுத்தர வருமானத்தினர் கார் ஒன்றை வாங்குவதாயின், அது பெரும்பாலும் முன்னரே இருவர் மூவர் ஓட்டிக் கழித்ததாகவே இருந்தது. அத்தகைய காரொன்றின் மெய்யான விலை யாது என்பது சிந்தித்தற்குரியது.

விற்பவர் கேட்கும் பணம் அவ்விலையின் ஒரு பகுதியே. முன்னைய உடைமையாளர் செய்யாது ஒத்திவைத்த வேலைகள் யாவும் கடனாகி, காருடன் சேர்ந்து புதியவரின் படலைக்கு வருகின்றன. மொறிஸ் மைனரின் முன் சில்லு இதற்கு நல்ல உதாரணம். அச்சில்லைத் தாங்கும் நிலைக்குத்தான தண்டின் கீழ் முனை, திரனியன் எனப்படும் மூட்டினுள் மரையாற் பூட்டப்பட்டுள்ளது. சில்லு இடமும் வலமுந் திரும்புந்தோறும் அம்மரை உராய்கின்றது. ஏறத்தாழ 1000 மைலுக்கு ஒருமுறை அதனுள் கிறீஸ் செலுத்தவேண்டும். நாலைந்து அழுத்தில் முடியும் வேலை அது. அது செய்யப்படாதவிடத்து மண்ணும் நீரும் உட்புகுந்து மரை தேய்கின்றது. ஜக் வைத்துக் காரை உயர்த்திச் சில்லை அசைத்துப் பார்ப்பவருக்கே அத்தேய்வு புலப்படும், ஓட்டுபவர் அறியார். ஒருநாள் தண்டு மூட்டை விட்டுக் கழல, சில்லு மடிந்து காரின் முன்பக்கம் நிலத்திற் சாய்கின்றது. ஒழுங்கையில் மெதுவாகத் திரும்பும்போது இது நேர்ந்தாற் காயமின்றித் தப்பலாம். நெடுஞ்சாலையில் நேர்ந்தால் அவ்வாறு சொல்ல இயலாது. சிறிதளவு கிறீஸை மிச்சம்பிடித்தவரின் சிக்கனத்துக்காக, புதிய மூட்டு, நெளிந்த மட்காட், கட்டியிழுத்து வருங் கூலி, சில வேளை வைத்தியசாலைச் செலவு ஆகியவற்றை மற்றொருவர் இறுக்கவேண்டியுள்ளது.

பிறேக் விடயத்திலே இக்கணக்கு வேறொரு முகத்தைக் காட்டும். பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே மறைந்து கிடக்கின்றது. எண்ணெய் அளவைப் பார்ப்பதற்கே கால்விரிப்பை விலக்கித் தகடொன்றைக் கழற்றவேண்டும். ஆதலாற் பலர் பார்ப்பதில்லை. அதனுள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் மிகச் சிறியவை. அவற்றின் விலையும் பெரிதன்று. ஆயின், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஆணிகளை உருவ முடியாதபடி, முன் சில்லுகளுக்கு வில்லாக அமைந்த முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கின்றது. அதனை விலக்கி வேலையை முடித்து மீளப் பூட்டுவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். இங்கே செலவின் பெரும்பகுதி உழைப்புக்கு உரியது. கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்க எண்ணிப் பிறேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அது இறப்பரை ஊதச்செய்து தொகுதி முழுவதையும் பழுதாக்கும். அக்காரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொகுதியே உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஓரிடத்தில் ஒழுக்கு ஏற்படின் நாலும் செயலிழக்கும். எஞ்சுவது கைப்பிறேக் மாத்திரமே.

இவற்றோடு ஒப்பிடின் எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும் உறுப்பு எனலாம். சுமையுடன் ஏற்றத்தில் ஏறும்போது இடைவிடாது நீலப்புகை வருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. எஞ்சினை முழுமையாகப் பிரிக்கவேண்டிய வேலை அது. இறக்கத்தில் வந்து மீண்டும் விசையை அழுத்தும்போது மாத்திரம் புகை வருமாயின் வால்வுப் பகுதியிலேயே தேய்வு இருக்கக்கூடும்; தலைப்பகுதியைக் கழற்றிச் செய்யும் வேலையோடு அது முடியலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்பது பொருள். மின்னால் இயங்கும் பெற்றோல் பம்பின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், சாரதி இறங்கிப் பம்பின்மீது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பயணத்தைத் தொடருவார். அத்தட்டும் கடனேயாம், முனைகளைத் துப்புரவு செய்யும் நாளைப் பிற்போடும் உபாயம்.

யாவற்றினும் பெரிய கடன் துருவே. மொறிஸ் மைனருக்கு உடலும் சட்டமும் வேறுவேறல்ல. கதவின் கீழுள்ள விளிம்பும், முன்னிருக்கையின் கீழ்க் குறுக்குச்சட்டமும், பின் வில்லைத் தாங்கும் இடமும் உக்கினால் காரின் முதுகெலும்பே உக்கியதாகும். உப்புக் காற்று வீசுங் கரையோர ஊர்களில் இது விரைந்து நிகழும். உக்கிய இடத்தைப் புட்டியால் நிரப்பிப் புதுவர்ணம் பூசிவிட்டால் வாங்குபவரின் கண் மயங்கிவிடுகின்றது. வாங்கியவரும் தம் சேமிப்பின் மிச்சத்தை முதலில் இருக்கை உறைக்கும் வர்ணத்துக்கும் செலவிட்டு, பிறேக்கை அடுத்த மாதச் சம்பளத்துக்கு ஒத்திவைப்பதுண்டு. முறை தலைகீழாக இருத்தல் வேண்டும். பிறேக்கும் முன் சில்லும் முதலாவது, துரு இரண்டாவது, எஞ்சின் மூன்றாவது, அழகு இறுதியானது. புகைக்கும் எஞ்சின் வழியில் நின்றுவிடும்; பிடிக்காத பிறேக் வழியில் நிற்காது.

கடன் யாவும் பழிக்கத்தக்கதென்று கொள்ளவும் இயலாது. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் முதலியன செல்வது தடுக்கப்பட்டது. அப்பொழுது அங்கு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதங் குறைந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன. எனினும், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்து தேய்வை விரைவுபடுத்தவே செய்யும். அதை மெக்கானிக்குகள் அறிவர், ஓட்டியோரும் அறிந்திருந்தனர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல எஞ்சினின் ஆயுளை ஈடுவைப்பதற்கும், சோம்பலினால் கிறீஸ் இடாமல் விடுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னையதில் செலவு தெரிந்தே ஏற்கப்பட்டது. பின்னையதில் அது பிறர் தலையில் மறைவாக ஏற்றப்படுகின்றது.

இத்தகைய கார்கள் நிலைத்தமைக்கு மற்றொரு காரணம், அவற்றின் உறுப்புகளைச் சாதாரண வேலைத்தலங்களிலேயே கடைந்தும் தட்டியும் ஒட்டியும் உருவாக்க முடிந்தமையாகும். 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. பிறந்த நாட்டிலே செய்வாரற்றுப்போன உறுப்பை, அதனை விடாது ஓட்டிவந்த நாட்டின் கைகள் செய்தன. இன்றைய சிறு கார்களில் இந்நிலை மாறிவிட்டது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் அதைத் தட்டி நிமிர்த்த முடியாது, மாற்றவே வேண்டும். ஹைபிரிட் கார் ஒன்றின் பற்றறி தளர்ந்துபோனால், அவ்வொரு பொருளின் விலையே வீட்டுக் கணக்கைக் குலைத்துவிடும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022 ஆம் ஆண்டு டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குச் சென்றது. இறக்குமதியாகும் ஒவ்வோர் உறுப்பின் விலையிலும் அவ்வீழ்ச்சி எதிரொலித்தது. உழைப்புக்குச் செலவான பணம் ஊரிலுள்ள மெக்கானிக்கின் கைக்குச் சென்றது. உறுப்புக்குச் செலவாகும் பணமோ நாட்டைவிட்டு வெளியேறுகின்றது.

இவற்றிலிருந்து பெறத்தக்க பயன் எளியது. கார் வைத்திருப்போர் யாவரும் சிறு குறிப்பேடொன்றைப் பேணுதல் வேண்டும். கிறீஸ் இட்ட நாள், எண்ணெய் மாற்றிய மைல் கணக்கு, மாற்றிய உறுப்பு, கொடுத்த பணம், ஒத்திவைத்த வேலை என்பன அதில் எழுதப்படுதல் நன்று. விற்கும்போது திறப்புடன் அக்குறிப்பேட்டையும் கையளிப்பவர், தாம் தீர்த்த கடனையும் தீர்க்காத கடனையும் ஒளியாது சொன்னவராவார். அதனால் கிடைக்கும் பணம் சற்றுக் குறையலாம். வாங்குபவரின் குடும்பம் அக்காரில் ஏறிச் செல்லும்போது, முன் சில்லின் நிலை என்னவென்று அறிந்தே செல்லும்.