தனி இருக்கை

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி விமானத் திடலைக் கடக்கும்போதெல்லாம் நம் கண்கள் தாமே மேல்நோக்குகின்றன. சுமார் 7,000 அடி நீளமான அந்த ஓடுதளத்தை அண்மையில் கண்டபோது, சிறு புல்வெளியே போதுமான மீச்சிறு விமானங்கள் நினைவில் எழுந்தன. அமெரிக்காவில் 1982 முதல் அவற்றுக்கு உள்ள வரம்பு கடுமையானது: பொறியோடு சேர்ந்த வெற்று எடை 115 கிலோவுக்குள் அடங்க வேண்டும், எரிபொருள் 19 லிட்டரை மிஞ்சலாகாது, இருக்கை ஒன்றே. நண்பரை உடன் ஏற்றிக்கொள்ள வழியில்லை.

ஆயினும், இவ்வாறு தனித்துப் பறப்போர் ஆண்டுதோறும் கூடுகின்றனர். 1953இல் மில்வாக்கியில் தொடங்கிய விமான விழா, 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் நடைபெற்று வருகிறது. அங்கே இச்சிறு விமானங்களுக்கெனத் தனிப் புல்தளமும் உண்டு. தரையில் இறங்கிய பின்னரே ஒருவர் விமானத்தை மற்றவர் சுற்றிவந்து பார்க்க முடியும். தளர்ந்த திருகைச் சுட்டிக்காட்ட முடியும்.

நம் வாழ்வும் ஓரிருக்கை விமானமே. இவ்வாண்டு மறைவட்டக் குருக்கள் கூட்டத்தை மும்முறை தவிர்த்தோம். பணி மிகுதி என்று எழுதியனுப்பினோம். உண்மையில், நம் தளர்ச்சி பிறர் கண்ணில் பட்டுவிடுமோ என்று அஞ்சினோம்.

வரும் செவ்வாயன்று செல்கிறோம்.