காவலைக் கழற்றிய கை



டிப்ளமோ படித்தபோது, 2005 மே விடுமுறையில் ஒத்தக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். மேலூர் தாலுகா கிராமங்களுக்கு 2001-லேயே கோர்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பில் இணையம் வந்திருந்ததால், அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு 'நெட்' புதிதல்ல.

சென்டரில் ஆறு கம்ப்யூட்டர். ஒன்று விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2. மற்ற ஐந்தும் திருத்தம் எதுவும் போடாத விண்டோஸ் 2000. எக்ஸ்.பி. மிஷினில் மட்டும் நெட் அடிக்கடி அறுந்தது. பக்கம் பாதியில் நிற்கும், சற்று நேரத்தில் தானே வரும், மறுபடி போகும்.

"தம்பி, நாளை மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட்டு. பயலுக வந்து குமிஞ்சிருவாய்ங்க. எப்படியாச்சும் சரி பண்ணுப்பா" என்றார் கடைக்கார அண்ணன்.

கேபிளை மாற்றினேன். புது முனை போட்டேன். பலனில்லை. ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 4226 என்ற எண் வரிசையாக நின்றது. இணைப்பு முயற்சிகள் பாதுகாப்பு வரம்பைத் தொட்டுவிட்டன என்று பொருள்.

2003-இல் பிளாஸ்டர், 2004-இல் சாசர் என்ற கம்ப்யூட்டர் புழுக்கள், கண்ட முகவரிகளையெல்லாம் தட்டிப் பார்த்து உலகமெங்கும் பரவின. அந்த வேகத்தைக் குறைக்கத்தான், 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, பதில் வராமல் நிற்கும் வெளி இணைப்புகளை ஒரே சமயத்தில் 10-க்குள் நிறுத்தியது. மீதி வரிசையில் காத்திருக்கணும்.

சாதாரணமாக மெயில் பார்க்கிற மிஷின் ஏன் பத்தைத் தாண்டுகிறது? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. சீனியர் ஒருவர் கொடுத்த சின்ன புரோகிராமை ஓட்டி, வரம்பை 100 ஆக்கினேன். நெட் பறந்தது. அண்ணன் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாகத் தானே அணைந்து எழுந்தன. பதறிப்போய் எக்ஸ்.பி. மிஷினில் நெட்ஸ்டாட் போட்டேன். யாரும் திறக்காத முகவரிகளுக்கு, திரை நிறைய முயற்சிகள். உள்ளே புழு இருந்திருக்கிறது. 10 என்ற வரம்புதான் அதன் காலைக் கட்டி வைத்திருந்தது. நான் அவிழ்த்துவிட்டேன்.

"எவனோ வைரஸ் கொண்டாந்துட்டான்" என்று அண்ணன் புலம்பினார். பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "நான்தாண்ணே காவலைக் கழட்டினேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதுக்குப் போட்டிருக்குன்னு கேட்டுட்டுக் கழட்டியிருக்கலாம்ல?" என்றார்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஃபார்மட் செய்தோம். விடியும்போது மூன்று மிஷின்தான் தயார். நரசிங்கத்திலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மா மத்தியானம் வரை வெயிலில் நின்றார். பிள்ளை பாஸ். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த 10 வரம்பு 2009-இல் விஸ்டா சர்வீஸ் பேக் 2 வந்தபோது எடுக்கப்பட்டது. எக்ஸ்.பி.க்கான ஆதரவும் 2014-இல் முடிந்தது. ஆனால் ஃபயர்வால் ஏதாவது தடுத்தால், "ஆஃப் பண்ணிடு" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சோதிக்க இரண்டு நிமிடம் அணையுங்கள், தப்பில்லை. காரணம் தெரிந்ததும் வேண்டிய புரோகிராமுக்கு மட்டும் வழிவிட்டு, காவலைத் திரும்பப் போடுங்கள்.

நாய் குரைக்கிறது என்று அவிழ்த்து விரட்டுமுன், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.