மாமா... தயிர் மூச்சு விடுது!

ஒரு கேள்வி பாஸ். வீட்ல கடைசியா எப்போ அடுப்படிக்குள்ள போனீங்க? ஃப்ரிட்ஜ்ல தண்ணி பாட்டில் எடுக்கப் போனதெல்லாம் கணக்குல வராது!

நான் போனது போன ஸ்டடி லீவ்ல. அதுவும் கேக் செய்ய. அதுவும் ரெண்டு வாண்டுகளைக் கூட்டணி சேர்த்துக்கிட்டு!

அக்காவுக்கு அன்னிக்குப் பிறந்தநாள். அன்னிக்கே அவளுக்குப் போட்டித் தேர்வு. அம்மா அவளுக்குத் துணையா கிளம்பிட்டாங்க. அப்பா கடைக்குப் போயாச்சு. அக்கா பொண்ணுக்கு வயசு ஆறு, பையனுக்கு நாலு. ரெண்டும் என் பொறுப்பு. ''மாமா, அம்மா வர்றதுக்குள்ள கேக் வேணும்''னு பெருசு ஆரம்பிச்சது. என் பர்ஸ்ல இருந்தது நாற்பது ரூபா. அதுக்கு பேக்கரியில கேக் வராது, பப்ஸ்தான் வரும். சரி, நாமளே செஞ்சா என்னன்னு அம்மாவுக்கு போன் போட்டேன்.

அம்மா சொன்ன கணக்கு ரொம்ப சிம்பிள். எல்லாத்துக்கும் ஒரே டம்ளர். கெட்டித் தயிர் ஒரு டம்ளர், பொடிச்ச சர்க்கரை முக்கால், மைதா ஒன்றரை, எண்ணெய் அரை. ஆப்ப சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். முட்டை வேண்டாம், ஓவன் வேண்டாம். பரண்ல கிடக்கிற பழைய அடிகனமான பாத்திரத்துல ரெண்டு டம்ளர் கல் உப்பு கொட்டி, மேல ஒரு ஸ்டாண்ட் போட்டு, மூடி சூடு பண்ணினா அதுதான் நம்ம ஊர் ஓவன்!

முதல் வேலையா அடுப்புக்கு நாலடி முன்னாடி சாக்பீஸால ஒரு கோடு போட்டேன். ''இதைத் தாண்டினா அவுட்!'' கிரிக்கெட் பாஷைல சொன்னதால உடனே புரிஞ்சுது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில பேப்பர் விரிச்சு உட்கார்ந்தோம்.

தயிரையும் சர்க்கரையையும் கலக்கி, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் போட்டு அஞ்சு நிமிஷம் விட்டோம். மேல குமிழ் குமிழா வர ஆரம்பிச்சது. பெருசு குனிஞ்சு பார்த்துட்டு, ''மாமா... தயிர் மூச்சு விடுது!''ன்னா. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில தயிர்ல இருக்கிற அமிலமும் சோடாவும் சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வரும்னு மனப்பாடம் பண்ணினவன் நான். அது மூச்சு விடுறதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அப்பதான் அந்த விஷயம் நடந்துச்சு. நான் எண்ணெய் அளக்கத் திரும்பின நேரம், சின்னவன் மைதா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துட்டான். தொபுக்! பாதி மாவு தரையில, மீதி அவன் தலையில. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ... ''எழுந்து வெளியே போடா! உனக்கு அடுப்படியில என்ன வேலை?''ன்னு கத்திட்டேன்.

அவன் அழலை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு சுவரோரமா நின்னான். ''தொட மாட்டேன் மாமா. பார்க்க மட்டும் செய்யட்டுமா?''ன்னான்.

அந்த வாக்கியம் என்னுதில்லை பாஸ். அது எங்க அப்பாவோடது. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அம்மா கூட சப்பாத்தி தேய்க்க உட்கார்ந்தேன். மாவைக் கொட்டிட்டேன். ''ஆம்பளப் பையனுக்கு அடுப்படியில என்ன வேலை?''ன்னு அப்பா ஒரு அதட்டல் போட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை. காலேஜ்ல நாலு பேர் ரூம் எடுத்துத் தங்கினப்ப, சமையல் முறை வர்ற நாள்ல எல்லாம் நான் பாத்திரம் கழுவியே தப்பிச்சேன். சோம்பேறின்னு பசங்க ஓட்டுவாங்க. சோம்பேறித்தனம் இல்லை, பயம். கொட்டிடுவோமோங்கிற பயம்!

ஒரு அதட்டல் பன்னெண்டு வருஷம் கூடவே வந்திருக்கு. அதையே இந்த நாலு வயசுக்குப் பார்சல் கட்டப் பார்த்தேன்!

''சாரிடா''ன்னு சொல்லி அவன் கையில சல்லடையைக் குடுத்தேன். கீழே கொட்டினதை மூணு பேரும் சேர்ந்து துடைச்சோம். டப்பாவுல மிச்சம் இருந்த மாவு சரியா ஒன்றரை டம்ளர். அதை அவன்தான் சலிச்சான். மூக்கு, புருவம் எல்லாம் வெள்ளை. பெருசு கரண்டியால கிண்டினா. மாவு கலந்ததும் நிறுத்திடணும். ரொம்பக் கிண்டினா கேக் ரப்பர் மாதிரி ஆயிடும். கரண்டியை நக்கப் போனாங்க. வேகாத மாவுல கிருமி இருக்கலாம்னு சொல்லி ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை குடுத்து சமாளிச்சேன்.

சின்னத் தீயில முக்கால் மணி நேரம். நடுவுல ஒரு கதை. 1883ல கேரளாவின் தலச்சேரியில மம்பள்ளி பாப்புன்னு ஒருத்தர் பிஸ்கட் போட்டுக்கிட்டிருந்தார். மர்டாக் பிரவுன்னு ஒரு தோட்ட முதலாளி இங்கிலாந்து கேக் ஒண்ணைக் குடுத்து, ''இதே மாதிரி உன்னால செய்ய முடியுமா?''ன்னு கேட்டாராம். அதுவரைக்கும் கேக்கே செய்யாத பாப்பு, கையில கிடைச்சதை வெச்சு செஞ்சு அசத்திட்டார்னு சொல்றாங்க. கதையைக் கேட்டுட்டு சின்னவன் சொன்னான்: ''அவரை யாரும் திட்டலியா மாமா?''

பதில் சொல்லத் தெரியலை. எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தேன். மறுபடி ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. விளைவு? கேக் நடுவுல பள்ளம்! உள்ளே வெந்து நிலைக்கிறதுக்கு முன்னாடி சூடு வெளியே போனா அப்படித்தான் அமுங்குமாம். ஆக, கோட்டைத் தாண்டாத குழந்தைங்க ஒழுங்கு. சொதப்பினது நான்தான்! பள்ளத்துல ஜெம்ஸ் மிட்டாயைக் கொட்டி நிரப்பிட்டோம்.

அக்கா வந்தா. பார்த்தா. பரீட்சை எப்படின்னு நாங்க கேட்கலை, அவளும் சொல்லலை. ரெண்டு பிள்ளைகளையும் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தா.

சாயங்காலம் அப்பா வந்தார். ''தாத்தா, மாவு நான்தான் சலிச்சேன்!''னு சின்னவன் ஒரு துண்டை நீட்டினான். நான் அடுப்படி வாசல்ல கரித்துணியோட நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். ''இனிப்பு கொஞ்சம் கம்மி''ன்னார். அப்புறம் இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டார். எனக்கு அது போதும்!

அடுத்த லீவ்ல உங்க வீட்டுக்கும் வாண்டுங்க வருவாங்க மக்களே. கேக் வருதோ இல்லையோ, ஒரு சல்லடையை அவங்க கையில குடுங்க. மாவு கண்டிப்பா கொட்டும். அந்த நேரத்துல வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி பத்து வரைக்கும் எண்ணுங்க. துடைக்க அஞ்சு நிமிஷம் போதும். நீங்க சொல்ற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் துடைக்க வராது.

மறுநாள் காலையில பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். சின்னவன் ஒரு முக்காலியை இழுத்துக்கிட்டு வந்து நின்னான்.

''இன்னிக்கு என்ன மாமா செய்யப் போறோம்?''