விடுதிக்கு அனுப்புமுன்

ஜூன் மாதம் பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் காற்று வீசத் தொடங்கும் நாள்களில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. வாசுதேவநல்லூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அந்நாள்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், புது வாளி, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையுடன் ஒரு பிள்ளை. அருகே முந்தானையால் கண்களை ஒற்றிக்கொள்ளும் தாய். பேருந்து புளியங்குடி நோக்கிப் புறப்பட்டதும் தாய் வீடு திரும்புகிறாள். பிள்ளை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவள் உண்மையில் அறிவாளா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கணவனும் மனைவியுமாய் அந்த இடத்தில் நின்றோம். நிற்பதற்கு முந்தைய ஆறு மாதங்கள் எங்களுக்குக் கற்பித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பை முடிக்கவிருந்தாள். எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம். காய் பறிப்பும் புளியங்குடிச் சந்தையுமாகப் பொழுது கழியும். வீட்டில் தாயார் படுத்த படுக்கையாய் இருந்தார். "பிள்ளையின் படிப்புக் கெடுகிறது, விடுதியில் சேர்த்துவிடலாம்" என்று உறவினரிடம் சொன்னோம். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. அவளைக் கவனிக்க எங்களுக்கு நேரமில்லை என்பதே மறுபாதி. விடுதி அவளுக்குத் தேவையா, எங்களுக்குத் தேவையா? இந்தக் கேள்வியை ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டுக்கொள்ளவே எங்களுக்கு வெகு நாளாயிற்று.

விடுதி என்றாலே தீமை என்பார் கட்சியில் நாங்கள் இல்லை. மலையடிவாரச் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளிகள் இல்லாதிருந்த காலத்தில், பாளையங்கோட்டையின் விடுதிகளே முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படிப்பின் வாசலாக இருந்தன. அந்நகரைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று அழைத்ததற்கு, 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி போன்ற நிறுவனங்கள் மட்டுமன்றி, அவற்றை நாடி வந்தவர்க்குச் சோறும் படுக்கையும் தந்த விடுதிகளும் காரணம். அரசின் நல விடுதிகளும் அவ்வாறே எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றின. 2025 ஜூலையில் அவற்றுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயரிட்டபோது, அங்கே உண்டு உறங்கிப் படித்தவர்கள் அப்பெயரின் பொருளைத் தங்கள் வாழ்விலிருந்தே அறிந்திருப்பார்கள்.

எங்களுள் ஒருவரும் விடுதியில் வளர்ந்தவரே. பதினொரு வயதில் போனார். ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆனால் உறையை ஒட்டக் கூடாது. விடுதிக் காப்பாளர் படித்த பின்னரே அது அஞ்சலுக்குப் போகும். ஒருமுறை காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்ததை எழுதினார். கடிதம் அவரிடமே திரும்பி வந்தது. 'நலம், நலமறிய ஆவல்' என்று புதிதாய் எழுதச் சொன்னார்கள்; எழுதினார். அந்தக் கடிதத்தை அவர் தந்தையார் திண்ணையில் அமர்ந்து, வந்தவர் போனவர்க்கெல்லாம் பெருமையுடன் படித்துக் காட்டினாராம். அந்த விடுதிதான் அவரைக் கல்லூரிவரை கொண்டு சேர்த்தது. அதை அவர் மறுப்பதில்லை. ஆனால் உண்மையை எழுதினால் அது வீட்டைச் சேராது என்று பதினொரு வயதில் கற்ற பாடத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

விடுதிகளை எண்ணும்போது 2022 ஜூலை மாதமும் எங்கள் நினைவுக்கு வருகிறது. அம்மாதம் 13ஆம் நாள் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில், விடுதியில் தங்கிப் பயின்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்தார். நான்கு நாள்களில் அது பெருங்கலவரமாக மூண்டது. அந்தச் சாவைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எங்கள் வேலையன்று. விடுதியில் பிள்ளையை விட்டிருந்த தாய்மார் அந்த வாரம் முழுதும் உறங்கியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். அதே மாதம் 25ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கனடா நாட்டு மண்ணில் நின்று மன்னிப்புக் கேட்டார். அங்கே பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் ஒன்றரை இலட்சம் பேர், தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். தாய்மொழி பேசியதற்குத் தண்டனை பெற்றனர். பலர் வீடு திரும்பவே இல்லை. அவற்றுள் பெரும்பாலான பள்ளிகளை நடத்தியவை நம் திருச்சபையின் அமைப்புகள். இதை மறைத்துவிட்டு நாம் விடுதிகளைப் பற்றிப் பேசலாகாது. நம்மூர் விடுதிகளை அவற்றோடு ஒப்பிடுவது நேர்மையன்று. ஆயினும் நல்ல நோக்கம் கொண்டவர் நடத்தும் இல்லமாயினும், பிள்ளைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வழி அடைபட்டால் அது என்னவாக மாறக்கூடும் என்பதற்கு அந்நாடு சாட்சி.

ஆகவே நாங்கள் பள்ளிகளைப் பார்க்கப் புறப்பட்டபோது, தேட வேண்டியது என்னவென்று ஓரளவு தெளிந்திருந்தோம்.

முதலில் சென்றது வடக்கே நெடுந்தொலைவிலுள்ள ஒரு பள்ளி. வாயிலிலிருந்து அலுவலகம்வரை மாணவர்களின் நிழற்படங்களும் மதிப்பெண்களும். மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு கைவிட்டது. அந்தச் சுவர் இன்னும் கைவிடவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆயத்தம் தொடங்கிவிடும் என்றார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணிக்கும் பள்ளிகள் மலிந்ததால்தான் 2018இல் அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அத்தேர்வும் இல்லை. எனவே எந்த ஆண்டுப் பாடம் அந்த ஆண்டில் நடக்கிறதா என்பதை இனிப் பெற்றோரே கேட்டறிய வேண்டும். உணவுக்கூடத்தையும் கணினி அறையையும் மகிழ்வுடன் காட்டினார்கள். "உடல்நலமில்லாத பிள்ளை எங்கே படுத்திருக்கும்?" என்று கேட்டோம். வழிகாட்டியவர் நின்றுவிட்டார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலும். தொலைபேசியில் பேச மாதம் இருமுறை, பத்து நிமிடம், காப்பாளர் அருகிருக்க அனுமதி என்றார்கள். எங்களுள் ஒருவருக்கு அந்த ஒட்டப்படாத உறை நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் மகளிடம், "பள்ளிக்கூடம் எப்படி?" என்றோம். நெடுநேரம் சன்னல் வழியே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அங்க யாரும் எம் பேரக் கேக்கலியேம்மா. மார்க்கத்தான் கேட்டாங்க."

அடுத்து எங்கள் பக்கத்திலேயே உள்ள ஒரு பழைய பள்ளி. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களும் பிள்ளைகளும் தங்கும் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டக் கேட்கத் தயங்கியபடியே கேட்டோம். காப்பாளர் அம்மையார் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண், பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்பு அவரே, "இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, மாலை ஆறு மணிக்கு இருந்து பாருங்கள்" என்றார்.

இருந்தோம். விளக்கேற்றும் வேளையில்தான் விடுதிப் பிள்ளைக்கு வீட்டு நினைவு பொங்கும் என்பது அங்கு வாழ்ந்தவர்க்குத் தெரியும். குழாயடியில் ஒரு சிறுமி கழுவிய தட்டையே மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருந்தாள். சமையற்கூடத்துப் பெண்மணி ஒருவர் ஒன்றும் கேளாமல் அருகில் போய் நின்று, தாமும் ஒரு பாத்திரத்தைக் கழுவலானார். சற்று நேரத்தில் சிறுமி பேசத் தொடங்கினாள். எங்களுக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மையாரிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: "ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?" "முதலில் உங்களுக்குச் சொல்லுவேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். சேர்த்த ஏழாம் வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மகள் இரவில் அழுகிறாள், சரியாக உண்பதில்லை, வந்து அழைத்துப்போங்கள் என்றார். அழைத்து வந்தோம். நான்கு நாள் பாட்டியின் கட்டிலருகிலேயே பாய் விரித்துப் படுத்தாள். அவள் திரும்பிப் போவாள் என்ற உறுதி எங்களுக்கு இல்லை. போகாவிட்டால் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஐந்தாம் நாள் காலையில் பெட்டியை அவளே கட்டினாள். அவ்வளவுதான், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு பிள்ளை அதே ஆண்டு வேறொரு விடுதிக்குப் போய், இரண்டு மாதத்தில் திரும்பி வந்து, இன்று நாள்தோறும் பேருந்தில் சென்று படிக்கிறான். அவனைத் தோற்றவன் என்று ஊரார் சிலர் சொல்லக் கேட்டு வருந்தினோம். தன்னால் இயலாது என்று பதின்மூன்று வயதில் சொல்லத் துணிந்தவனும், அதைக் காது கொடுத்துக் கேட்ட பெற்றோரும் தோற்றவர்கள் ஆவார்களா?

பெற்றோரே, வரும் ஜூனில் பெட்டி கட்டவிருப்பவர்களே, விடுதியின் கட்டடத்தைப் பாருங்கள், உரிமத்தைக் கேளுங்கள், நோயுற்ற பிள்ளை படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் மாலை ஆறு மணிவரை இருங்கள். அங்கிருந்து உங்கள் பிள்ளையின் உண்மையான சொல் உங்களிடம் வந்து சேர வழியுண்டா என்று பாருங்கள். அதோடு, அந்தச் சொல் வந்து சேரும் நாளில் அதைக் கேட்க நம் வீட்டில் ஆளுண்டா என்பதையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தாயார் சென்ற தையில் காலமானார். அந்த நான்கு இரவுகளில் பேத்தி தம்மிடம் என்ன சொன்னாள் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. கேட்க ஒருவர் இருந்தார், அது போதும்.